கை நனைக்காதவள்

கடல் எழுந்து வயலுக்குள் வந்து, வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பிப் போன வருஷத்தில்தான் நரியன்கோட்டகத்து வேதாம்பாள்மேல் தண்ணீர் ஒட்டாமல் போனது. அதை முதலில் கண்டவர்கள் அவளைக் குளிப்பாட்டப் போன பெண்கள். அவளுடைய ஒரே மகள் அபிநயாவைக் கருவேலங்காட்டு முள்ளுக்குள்ளிருந்து எடுத்துப் புதைத்துவிட்டு வந்த ஆண்கள் எல்லோரும் வாய்க்காலில் முங்கி எழுந்து வீடு திரும்பியிருந்தார்கள். பெற்றவளும் தலைமுழுக வேண்டுமே என்று நாத்தனார் பட்டம்மாள் அவளை நடத்திப் போய்க் குளத்துப் படியில் உட்கார வைத்து, குடத்தால் மொண்டு தலையில் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததுபோல முத்து முத்தாக உருண்டு, நெற்றியில் கொஞ்சம் நின்று யோசித்து, கன்னத்தில் இறங்கி, குளத்துக்கே போய்ச் சேர்ந்தது. புடவை நனைந்தது, புடவைக்குள் இருந்தவள் நனையவில்லை.

"ஏன்டி, தலைக்கு எண்ணெ கிண்ணெ வச்சிருக்கியா?" என்றாள் பட்டம்மாள்.

"இல்லண்ணி," என்றாள் வேதாம்பாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள், அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், ஒருத்திக்குக் கை வலித்தால் இன்னொருத்தி குடத்தை வாங்கிக்கொண்டு ஊற்றினாள், கடைசியில் ஊற்றியவர்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்து பல் கிட்டி நடுங்க, ஊற்றப்பட்டவள் பரணில் கிடந்த பாய் மாதிரி காய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போதே அவளுடைய வலது கை மூடியிருந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயிருந்தன. வெள்ளத்தில் அடிபட்டு நரம்பு சுருண்டிருக்கும் என்றார்கள்.

ஊர் இதற்கெல்லாம் மலைத்துப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரைமேல் படகு ஏறி நின்றதையும், தென்னை மட்டையில் மடவை மீன் தொங்கியதையும் அதே வாரத்தில் பார்த்திருந்த சனங்களுக்கு, ஒரு பொம்பளை நனையாமல் இருப்பது பெரிய அதிசயமாகப் படவில்லை. "கடத்தண்ணி குடிச்ச ஒடம்பு, தன்னால சரியாப்போவும்," என்று சொல்லிவிட்டு அவரவர் கூரையைத் தூக்கிக் கட்டப் போனார்கள். அவள் புருஷன் காத்தமுத்து மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கடல் வந்த விடிகாலையில் அவன் வாய்க்கால் ஷட்டரை இறக்கி வயலைக் காப்பாற்ற ஓடியிருந்தான். வயலையும் காப்பாற்றவில்லை, வீட்டுக்கும் நேரத்துக்கு வரவில்லை. பிள்ளையோடு கடைசியாக இருந்தவள் இவள்தான், இவளோ அந்தக் காலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை. வெளித்தண்ணீர் உள்ளே போகாதவளுக்கு உள்தண்ணீர் மட்டும் எப்படி வெளியே வரும்?

நாள் போகப் போக ஊர் அவளைப் பழகிக்கொண்டது, பழகிக்கொண்டதோடு நிற்காமல் பயன்படுத்தவும் தொடங்கியது, அதுதானே ஊர் என்பது. மழையில் நின்று வேலி கட்ட வேண்டுமா, வேதாம்பாளைக் கூப்பிடு, அவளுக்குச் சளி பிடிக்காது. உப்பு ஊறிய வயலில் இறங்கினால் மற்றவர்களுக்குக் காலெல்லாம் சேற்றுப்புண், அவளுக்கு ஒரு கீறல் இல்லை, ஆகவே கெட்ட வயலுக்கெல்லாம் அவளை முன்னால் விட்டார்கள். நடவுக்காரிகள் பொறாமையில் அவள் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். சேற்றுப்புண்ணுக்குத் தாங்கள் பூசுகிற மருதாணியை அரைத்து அவளுக்கும் பூசிப் பார்த்தார்கள், காலையில் அது சிவக்காமல் பச்சையாகவே உதிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள்மேல் ஒரு குவளைத் தண்ணீர் வீசி, அது உருண்டோடுவதைக் கைகொட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அதட்டவில்லை. தன் மகள் வயதுப் பிள்ளைகள் வீசட்டும் என்று நின்றுகொடுத்தாள்.

ஒரு கல்யாணத்தில் பெரிய தகராறே வந்தது. வேதாம்பாள் பந்தியில் உட்கார்ந்து, மூடிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டு எழுந்தாள். கைகழுவச் சொம்பில் ஊற்றினார்கள். தண்ணீர் கையில் படாமலே ஓடியது. பெண்ணின் மாமன், எதில் குற்றம் காணலாம் என்று காலையிலிருந்தே தேடிக்கொண்டிருந்தவர், துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நம்ம வூட்டுல அவ கை நனைச்சாளா இல்லியா? நனைக்கலன்னா ஒறவு இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார். தாலி கட்டின கையோடு பஞ்சாயத்து கூடியது. சோறு உள்ளே போனால் கை நனைந்த மாதிரிதான், தண்ணீர் ஒட்டாதது தண்ணீரின் குற்றமே தவிர அவள் குற்றமல்ல என்று நாட்டாண்மை வைத்திலிங்கம் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் பாயசம் குடித்தார்கள்.

சோற்றுக்குச் சொன்ன தீர்ப்பைச் சாவுக்குச் சொல்ல அந்த ஊரால் முடியவில்லை. பெற்றவள் தலைமுழுகாத வீட்டில் தீட்டுக் கழியாது. தீட்டுக் கழியாத வீடு ஒன்று ஊருக்குள் இருந்தால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்ட முடியாது. காப்புக் கட்டாமல் திருவிழா இல்லை, திருவிழா இல்லாமல் ஒரு வருஷத்தை எப்படி வருஷம் என்று சொல்வது? தை போய், மாசி போய், பங்குனியும் போனது. அம்மன் கோயில் முன்னால் நட வேண்டிய கம்பம் சுவரில் சாய்ந்து கிடந்து கறையான் ஏறியது. "புள்ள இன்னும் போவலடி, வாசல்லயேதான் நிக்கிது," என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அது தன் காதில் விழுந்தபோது வேதாம்பாள் முகத்தில் ஓடியது துக்கமல்ல, ஒரு நிம்மதி என்பதைக் காத்தமுத்து பார்த்துவிட்டான்.

அதற்குள் அவள் காய்ந்துகொண்டு வந்தாள். குடிக்கிற தண்ணீர் குடத்தில் ஊற்றியதுபோல உள்ளே கிடந்து, அப்படியே போனது. உடம்பு அதில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. உதடு வெடித்தது, குதிகால் கோடை வயலாகப் பிளந்தது, முடி சீப்போடு வந்தது. உடம்பு எடை குறைந்து, காற்றடிக்கும் பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசிபோட்டு ஏற்றிய மருந்து ஊசி போன வழியே திரும்பி வழிந்தது. பட்டம்மாள் தம்பியைத் தனியே கூப்பிட்டு, "இவ நமக்கு நெலைக்க மாட்டாடா," என்று அழுதாள்.

அந்த நிலையில்தான் நாட்டாண்மை அவனைக் கோயில் வாசலுக்கு வரச் சொன்னார். கெட்ட மனுஷர் அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்ன யாரும் கொற சொல்லல காத்தமுத்து. ஆத்தா காத்துக்கிட்டிருக்கா. வைகாசியாச்சும் காப்புக் கட்டியாவணும்."

"அவ மேல தண்ணி நிக்க மாட்டேங்குது. நான் என்னா பண்ணுவேன் சொல்லுங்க."

"அவ தலமுழுவுனா எல்லாஞ் சரி. இல்லியா..." அவர் வேறெங்கோ பார்த்தார். "நீ அவளத் தலமுழுவிடு. அவ பொறந்த ஊருல கொண்டுபோயி விட்டுடு. வூடு சுத்தமாயிடும்."

ஒரே சொல்தான். செத்தவர்களுக்காகச் செய்வதும் தலைமுழுக்கு, உயிரோடிருப்பவர்களை வேண்டாமென்று விடுவதும் தலைமுழுக்கு. ஒன்று நடக்காவிட்டால் மற்றொன்று என்று ஊர் கணக்குப் போட்டுவிட்டது. காத்தமுத்து எழுந்து, வீட்டுக்குப் போகக் கால் வராமல், வயலைப் பார்க்க நடந்தான்.

வயலும் வீட்டைப் போலத்தான் இருந்தது. கடல் பட்ட மண்ணில் எது போட்டும் எரிந்துபோக, உப்புத் தாங்கும் குழியடிச்சான் நெல்லைக் கெஞ்சி வாங்கி விதைத்திருந்தான். அது எரியவில்லை, வளரவும் இல்லை. முழங்காலுக்குக் கீழே, சுருட்டிய இலையோடு, கதிர் வைக்கவா வேண்டாமா என்று யாரோ சொல்வதற்குக் காத்திருப்பதைப்போல நின்றது. வரப்பில் ஒரு பெண் உட்கார்ந்து நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வேளாண் கல்லூரியிலிருந்து கடல் பட்ட ஊர்களுக்கெல்லாம் வருகிற ஜெசிந்தா. சேற்றுக் காலோடு, மடியில் ஒரு சின்ன நுண்ணோக்கியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்க வயலா? கேக்காம ஒரு தூரு எடுத்துட்டேன்," என்றாள்.

"எடுத்துக்கங்க மேடம். எல்லாத்தையுமே எடுத்துக்கங்க," என்றான் அவன்.

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். வேரை பிளேடால் சன்னமாகச் சீவி, கண்ணாடித் துண்டில் வைத்து, குனிந்து பார்க்கச் சொன்னாள். காத்தமுத்து பார்த்தான். பொட்டு அளவுக்கு ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓட்டைகளைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம்.

"நடுவுல இருக்கற ஓட்டைங்கதான் தண்ணி மேல போற குழாய். சுத்தி இருக்கு பாருங்க வளையம், அது காவல். எல்லா வேர்லயும் இருக்கும், லேசா. மண்ணுல உப்பு ஏறுனா வேர் ஒரு சுரப்பைச் சுரக்கும். கஷ்டகாலம் வந்துருச்சு, கதவைச் சாத்துன்னு அதுக்கு அர்த்தம். உடனே இந்த வளையம் முழுக்கத் தக்கை மாதிரி ஒண்ணைப் பூசிக்கும். உப்பு உள்ள வராது."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா தண்ணியும் கொறைஞ்சு போகும். கதவைச் சாத்தச் சொல்லிச்சே அந்தச் சுரப்பு, அதுவும் வெளிய கசிய முடியாம உள்ளயே கெடக்கும். மேல ஏறி இலைகிட்ட போய், நீயும் வாய மூடிக்கன்னு சொல்லும். இலையும் மூடிக்கும். உப்புல சாவாம இருக்கத்தான் இவ்வளவும். ஆனா இதுக்குப் பேரு வாழ்றதா?"

காத்தமுத்து கண்ணை எடுக்காமல் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் வீட்டு நடுக்கூடத்தை யாரோ கண்ணாடித் துண்டில் சீவி வைத்திருப்பதைப்போல இருந்தது அவனுக்கு.

"அப்ப செத்துத்தான் போவுமா மேடம்?"

"இல்லண்ணே. எல்லா எடத்துலயும் பூசாது. இங்க பாருங்க, வளையத்துல ஒண்ணு ரெண்டு கட்டம் மட்டும் வெளுப்பா இருக்குல்ல? வழி விட்டு வச்சிருக்கு. எவ்வளவு கஷ்டகாலமானாலும் அதை மட்டும் பூசாது. எங்க பாத்தாலும் அது குழாய்க்கு நேராத்தான் இருக்கும். மழை பேஞ்சு உப்பு கழுவிட்டா அது வழியா முழிச்சுக்கும். புது வேர் விடும். ஆனா புது வேரு இந்தப் பூச்சைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வெளிய வரணும்."

அவன் கும்பிட்டுவிட்டு எழுந்தான். எதற்குக் கும்பிட்டான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வரப்பில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான், கொல்லையில் முருங்கை நிழலில் ஒரு மணையைப் போட்டு வேதாம்பாளை உட்கார வைத்தான், தவலை நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, சொம்பு சொம்பாக, விரல் அகலம் விரல் அகலமாக, உச்சியிலிருந்து ஊற்றத் தொடங்கினான். உச்சியில் நிற்கவில்லை. பிடரியில், காது மடலின் பின்புறத்தில், அபிநயா பால் குடித்த மார்பில், அவளைச் சுமந்த வயிற்றில், உட்கார வைத்துத் தூக்கிய இடுப்பில், எங்கும் நிற்கவில்லை. எல்லா இடத்திலும் வளையம் பூசியிருந்தது.

"என்னாங்க தேடுறீய?" என்றாள் அவள்.

"வழி."

அவளுக்கு என்ன விளங்கியதோ, வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். எதிரே சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"இத மட்டும் வுட்டுடுங்க," என்றாள். "ஒங்க கால்ல வுழறேன்."

அவனுக்குப் பிடுங்கத் தெரியாது. கெஞ்சவும் வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்கிற சொல்தான் வாயில் வந்தது.

"வேதா, கை நனச்சிக்க புள்ள."

அவள் அவனையே பார்த்தாள். கடல் வந்த நாளிலிருந்து பேசாததை அப்போதுதான் பேசினாள், குரல் உமி மாதிரி வந்தது.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் புள்ள நகத்தக் காட்டுச்சு. டீச்சர் திட்டுறாங்கம்மா, வெட்டி வுடும்மான்னுச்சு. வெள்ளிக்கெழம நகம் வெட்டக்கூடாதுடி, நாளைக்கி வெட்டுறேன்னேன். நாளைக்கிங்கறதுக்குள்ள கடல் வந்துடுச்சு. தூக்கிக்கிட்டுத்தான் ஓடுனேன். வேலில புடவ மாட்டிச்சு. எறக்கி வுட்டுக் கையப் புடிச்சிக்கிட்டேன். ஈரக்கையிங்க. வழுக்குச்சு. நான் வுடலங்க. அதுவும் வுடல. நகத்தால பத்திக்கிட்டுத் தொங்குச்சு. நடுவுல தண்ணி மட்டும் இல்லன்னா வழுக்கியிருக்காது."

சொல்லிக்கொண்டே கையை முன்னால் கொண்டுவந்தாள். ஒவ்வொரு விரலாக, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோலத் திறந்தாள். உள்ளங்கையில் நான்கு நகக்குறிகள். சின்னச் சின்னப் பிறைகள், இப்போதுதான் பதிந்தவைபோலச் சிவப்பாக, ஆறாமல் இருந்தன. ஊரெல்லாம் நரம்பு சுருண்டது என்று எண்ணெய் தடவிய கைக்குள் மகளை வைத்திருந்தாள்.

காத்தமுத்து சொம்பில் தண்ணீர் மொண்டான். ஊற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்குப் பாதி தெரிந்தே இருந்தது. ஊற்றாவிட்டால் என்ன ஆகும் என்பது முழுக்கத் தெரியும். சொம்பைச் சாய்த்தான்.

தண்ணீர் உருளவில்லை. நான்கு பிறைகளும் அதைக் குடித்தன, முதல் மழையைக் கோடை வெடிப்புகள் குடிப்பதைப்போலச் சத்தத்தோடு குடித்தன. ஒரு சொம்பு போதவில்லை, தவலை போதவில்லை, அடிபம்புக்கும் முருங்கைக்குமாக அவன் ஓடி ஓடி ஊற்றினான். மணிக்கட்டு கறுத்து நனைந்தது, முழங்கை நனைந்தது, தோள் நனைந்தது, நெற்றியில் வியர்த்தது, கடைசியில் கண் நிறைந்தது. பிறகு அவள் அழுத அழுகையைக் கேட்டுத் தெருவில் யாரும் என்ன ஏது என்று ஓடிவரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரவர் வாசலில் நின்று அழுதார்கள். காத்தமுத்து அவள் கையைத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டு, அதுவரை தள்ளிப்போட்டிருந்த தன் அழுகையையும் அதில் சேர்த்து அழுதான்.

அன்று மாலையே பட்டம்மாள் அவளைக் குளத்துக்குக் கூட்டிப் போனாள். தண்ணீர் தலையில் நின்றது, முடி நனைந்து முதுகில் ஒட்டியது. நாட்டாண்மை கோயில் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தப்பு மேளக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார். வைகாசியில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நீர் விளையாட்டில் வேதாம்பாள்மேலும் ஊற்றினார்கள், அவளும் மற்றவர்களைப்போல மஞ்சளாகத்தான் வீடு திரும்பினாள். ஊர் அவளுடைய நனையாத காலத்தைச் சீக்கிரமே மறந்தது. மழை பெய்து உப்பு இறங்கிய வயலில் குழியடிச்சான் புது வேர் விட்டு, தாமதமாக, பாதிக்குப் பாதி பதரோடு கதிர் வைத்தது.

நனைந்த தோல் ஆறும். ஆறினால் வடு மறையும். தண்ணீர் புகுந்த அன்றே பிறைகளின் சிவப்பு வெளுத்தது, பிறகு ஓரம் கூடியது, பிறகு அவை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற கோடுகளாயின. வேதாம்பாள் காலையில் எழுந்ததும் கையைத்தான் நீட்டுவாள். "இருக்குதாங்க?" என்பாள். "இருக்கு," என்பான் காத்தமுத்து. எதுவுமே இல்லாமல் கை வெறும் கையான பிறகும் "இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அறுவடைக்கு முன் ஒரு மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "எனக்குந் தெரியுங்க, போயிடுச்சு."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான்தானே ஊத்துனேன்," என்றான்.

"நீங்க ஊத்துனதாலதான் நான் இருக்கேன்." கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஒங்க கையக் குடுங்க."

அவன் வலது கையைக் கொடுத்தான். அவள் அதைத் தன் வலது கையால் பற்றினாள். நெடுநாள் வெட்டாமல் விட்டிருந்த நான்கு நகங்களையும் அவன் உள்ளங்கையில் பதித்து, மெல்ல, மெல்ல, பிறகு பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள். அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. கையை இழுக்கவில்லை.

"இப்பிடித்தான் புடிச்சிருந்துச்சு," என்றாள்.

அவ்வளவு நாளும் அவனுக்கு எட்டாமல் இருந்த அந்த விடிகாலை அப்போதுதான் அவனுக்குள் வந்து சேர்ந்தது. கையை மூடிக்கொண்டான்.

அன்று அவன் வீட்டுக்குத் திரும்பும்போது தூறல் போட்டது. வழியில் பட்டம்மாள் வாசலில் நின்று, "மழ வருது பாரு, செத்த உள்ள வா. மீன் கொழம்பு வச்சிருக்கேன், கை நனச்சிட்டுப் போடா," என்றாள்.

"இல்லக்கா, இன்னைக்கி வேணாம்," என்று சொல்லிவிட்டு, வலது கையை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் நடந்தான்.